மரம் இற்றுப்போவது ஏன்? அறிதல், சீர்செய்தல், காத்தல்

நம் வணிகர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடம்தான். முன்புறம் வியாபாரம், பின்புறம் குடும்பம், தலைக்கு மேலே பரணில் சரக்கு. ஒரு மூட்டைத் துவரம்பருப்பில் வண்டு விழுந்தால் அன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த மூட்டையைத் தாங்கி நிற்கும் பரண் கட்டை உள்ளே கெட்டுப்போனால் தெரிவதில்லை. கட்டை முறியும் நாளில்தான் தெரிகிறது. அன்று கீழே நிற்பவர் நம் கடைப் பையனாக இருக்கலாம். சாமான் வாங்க வந்த வாடிக்கையாளராகவும் இருக்கலாம்.

ஆகவே மரம் ஏன் இற்றுப்போகிறது, அதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி, கெட்டதைச் சீர்செய்வது எப்படி, மீண்டும் வராமல் காப்பது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

காரணம் வயதல்ல, தண்ணீர்

"பழைய மரம், அதனால் இற்றுவிட்டது" என்று சொல்வது நம் வழக்கம். இது சரியல்ல. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளும் தூண்களும் நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கின்றன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் போட்ட குளியலறைக் கதவோ அடிப்பக்கம் சோறு போலக் குழைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வயது அல்ல, ஈரம்.

மரத்தை இற்றுப்போகச் செய்வது ஒருவகைக் காளான். அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் காற்றில் எங்கும் உள்ளன. அது வளர நான்கு பொருள்கள் வேண்டும்: உணவு, காற்று, வெப்பம், ஈரம். மரமே அதற்கு உணவு. காற்றையும் வெப்பத்தையும் நம்மால் தடுக்க முடியாது. நம் ஊர் வெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

நெல் வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். அரசு கொள்முதலில் நெல்லுக்கு 17 சதவீத ஈரம் என்பது வழக்கமான வரம்பு. மரத்துக்கும் அதுபோல ஒரு வரம்பு உண்டு. அது 20 சதவீதம். நீரே இல்லாத 10 கிலோ கட்டையில் 2 கிலோ நீர் சேர்ந்திருந்தால் அது 20 சதவீதம் என்று கொள்க. அதற்குக் கீழே இருக்கும் வரை காளான் வளராது. 30 சதவீதத்தை ஒட்டிப் போனால் உழுது தண்ணீர் பாய்ச்சிய வயல் போல் ஆகிவிடும்.

கூரைக்குள் நனையாமல் இருக்கும் மரத்தில் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீத ஈரமே இருக்கும். மழைக்கால ஈரக்காற்று மட்டும் அதை இற்றுப்போகச் செய்வது அரிது. எனவே ஒரு மரம் இற்றிருந்தால், எங்கிருந்தோ தண்ணீர் அதை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓட்டை விழுந்த ஓடு, கசியும் குழாய், தரையிலிருந்து ஏறும் ஈரம், தினமும் வாளியால் ஊற்றிக் கழுவும் வாசல் என இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் தச்சருக்குக் கொடுக்கும் கூலி வீண்.

உப்பு மூட்டையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு மூட்டைக்கு அடியில் நீர் கோத்து நிற்பதை நாம் பார்க்கிறோம். உப்பு தானே காளான் அல்ல. ஆனால் அந்த ஈரம் பக்கத்துச் சட்டங்களை நனைக்கிறது, ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த ஆணி பலகையைத் தாங்காது.

மூன்று எதிரிகள், மூன்று அடையாளங்கள்

மரம் கெட்டுவிட்டது என்றதும் பலர் கரையான் மருந்து தேடுகிறார்கள். நோய் எதுவென்று தெரியாமல் மருந்து வாங்கக்கூடாது. மரத்துக்கு எதிரிகள் மூன்று.

1. காளான். மரம் பழுப்பு நிறமாகிக் குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சிறு சிறு கட்டங்களாகப் பிளந்திருக்கும். விரலால் நசுக்கினால் பொடியாகும். இன்னொரு வகையில் மரம் வெளுத்து, தேங்காய் நார் போல இழை இழையாகப் பிரியும். இரண்டிலும் ஈர வாடை அடிக்கும். மேலே பெயிண்ட் அடித்திருந்தால் அது உப்பியோ சுருங்கியோ இருக்கும்.

2. கரையான். சுவரிலும் நிலையிலும் மண்ணால் ஆன குழாய் போன்ற தடம் ஏறியிருக்கும். மரத்தைப் பிளந்தால் உள்ளே மண்ணும் வெற்று அறைகளுமாக இருக்கும். மழை பெய்த மாலையில் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் புற்று அருகில் உள்ளது என்று அறிக.

3. உளுக்கும் வண்டு. குண்டூசித் தலை அளவுத் துளைகள். கீழே சலித்த மாவு போன்ற தூள். இது காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் தாக்கும். வைரம் பாயாத வெளிமரமே இதற்குப் பிரியம்.

இவை தவிர, ஈரச் சுவரை ஒட்டிய பலகையில் கறுப்பாகவோ பச்சையாகவோ பூசணம் படர்வது உண்டு. துணியால் துடைத்தால் போய்விடும். கீழே மரம் கெட்டியாக இருக்கும். அது இற்றுப்போதல் அல்ல. ஆனால் அது முதல் எச்சரிக்கை மணி. ஈரம் வந்துவிட்டது, காளான் பின்னால் வரும்.

மேலும் ஒன்று: ஈரமான மரத்தைக் கரையானும் தேடி வரும். ஆகவே ஈரத்தை நிறுத்துவது இரண்டு எதிரிகளுக்கும் பொதுவான மருந்து.

கோணி ஊசிச் சோதனை

மூட்டையின் வாயில் உள்ள சரக்கை மட்டும் பார்த்து நாம் கொள்முதல் செய்வதில்லை. உள்ளே குத்தி எடுத்துப் பார்க்கிறோம். மரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். கடையில் சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றே போதும்.

ஊசியை மரத்தில் அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை மட்டும் பதிந்து நிற்கும். கெட்ட மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும். அடுத்து, சிறு கத்தி முனையால் ஒரு சிராயைக் கிளப்பிப் பாருங்கள். நல்ல மரம் நீளமான சிராயாக உரிந்து வரும். இற்ற மரம் நீளாமல் பட்டென்று குறுக்கே ஒடியும். இந்த இரண்டாவது சோதனை, ஊசிக்கு இன்னும் பிடிபடாத ஆரம்ப நிலையையும் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதாக, சுத்தியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை கணீரென்று பேசும். கெட்டது பொத்தென்று ஒலிக்கும்.

மரத்தில் ஈரம் அளக்கும் மின் மீட்டரும் கடைகளில் கிடைக்கிறது. நெல் அளக்கும் மீட்டரை மரத்துக்குப் பயன்படுத்த இயலாது. இரண்டும் வெவ்வேறு.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

நிலைக்காலின் அடி. சிமெண்ட் தரைக்குள் புதைந்த நிலைக்கால் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் ஈரத்தை மேலே இழுக்கும். குளியலறை, கொல்லைப்புறக் கதவுகளை முதலில் பாருங்கள்.

உத்திரத்தின் நுனி. சுவருக்குள் புதைந்த முனையில்தான் முதலில் கெடும். நடுப்பகுதி நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சுவரில் ஈரக்கறை தெரியும் இடத்தில் உள்ள உத்திர முனையைக் கட்டாயம் குத்திப் பார்க்க வேண்டும்.

ஓட்டுக் கூரையில் இரு சரிவுகள் கூடும் பள்ளம். அங்கே தகரம் ஓட்டையானால் கீழுள்ள கைமரம் ஆண்டுதோறும் நனையும்.

கடையின் பலகைக் கதவுகள். எண் போட்டு வரிசையாகச் செருகும் பழைய பலகைகளின் அடிமுனையும், அவை நிற்கும் காடியும். காடியில் தேங்கும் வாசல் கழுவிய தண்ணீரே இவற்றின் எமன்.

அலமாரியின் கால்களும் முதுகும். சுவரோடு ஒட்டிய முதுகுப் பலகையை யாரும் பார்ப்பதே இல்லை. மூட்டைக்கு அடியில் போட்ட மரச்சட்டங்களையும் புரட்டிப் பாருங்கள்.

சமையலறைத் தொட்டியின் அடி, ஏ.சி. தண்ணீர் சொட்டும் ஜன்னல், மேல்தொட்டிக்குக் கீழுள்ள அறை ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

பரண் கணக்கு

சரக்குக் கணக்கு எழுதும் நாம் சுமைக் கணக்கு எழுதுவதில்லை. 50 கிலோ சர்க்கரை மூட்டை 30 பரணில் ஏற்றினால் 1,500 கிலோ. அதாவது ஒன்றரை டன். பல பரண்கள் வீட்டுப் பாத்திரமும் பழைய பெட்டியும் வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. அந்தப் பாரமே அவற்றுக்கு அதிகம். இதில் உத்திர முனையும் இற்றிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காளான் பிடித்த மரம் எடை குறைந்து தெரிவதற்கு முன்பே பலத்தை இழந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்க. ஆகவே பரண் கட்டையிலோ உத்திரத்திலோ ஊசி இறங்கினால் அன்றே செய்ய வேண்டியவை மூன்று: சுமையை இறக்குங்கள், அடியில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள், பொறியாளரை அழையுங்கள். அவர் சொல்லும் வரை அந்தக் கட்டையை வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம். முட்டுக் கொடுக்காமல் உத்திரத்தில் கை வைப்பது உயிருக்கு ஆபத்து. கீழே நாம் சொல்லும் சீர்செய்யும் முறை நிலை, கதவு, ஜன்னல், அலமாரி ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

சீர்செய்யும் முறை

முதல் படி: தண்ணீரை நிறுத்துதல். குழாய், ஓடு, தளம், வாட்டம், எது காரணமோ அதைச் சரிசெய்த பிறகே தச்சரை அழையுங்கள்.

இரண்டாம் படி: காயவைத்தல். மேலுள்ள பெயிண்டைச் சுரண்டி, காற்றுப் படும்படி விட வேண்டும். வெள்ளம் புகுந்த கடைகளில் இது மிக முக்கியம். 2015 டிசம்பரில் சென்னை, கடலூர் பகுதிகளிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளிலும் கடைகளுக்குள் வெள்ளம் நின்றது. அப்படி நனைந்த மரம் மேலே தொட்டால் சில நாளில் காய்ந்ததுபோல் இருக்கும். உள் ஈரம் போக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

மூன்றாம் படி: வெட்டி எடுத்தல். இற்ற பகுதியை முழுவதும் நீக்கி, கெட்டி மரம் தெரிந்த பிறகும் ஒரு சாண் அளவு சேர்த்து வெட்டுவது நல்லது. காளானின் இழை கண்ணுக்குத் தெரியாமல் அதுவரை ஓடியிருக்கலாம். வெட்டிய துண்டுகளைக் கொல்லையில் குவிக்காமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.

நான்காம் படி: மருந்து பூசுதல். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் காளானையும் வண்டையும் தடுக்கும். போரிக் அமிலம் 1 பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு. 10 லிட்டர் வெந்நீரில் போரிக் அமிலம் 200 கிராம், வெண்காரம் 300 கிராம் கரைத்தால் ஏறக்குறைய 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். மரத்தின் வெட்டுமுனையில் தாராளமாகவும், மற்ற பக்கங்களில் இரண்டு மூன்று தடவையும் பூசி உலரவிட வேண்டும். இந்த மருந்து மழையில் கரைந்து ஓடிவிடும். ஆகவே உலர்ந்த பின் மேலே பிரைமரும் பெயிண்டும் அவசியம்.

ஐந்தாம் படி: ஒட்டுப் போடுதல். நிலைக்காலின் அடி மட்டும் கெட்டிருந்தால் முழு நிலையையும் மாற்ற வேண்டாம். கெட்டதை வெட்டிவிட்டு, அதே அளவு வைரம் பாய்ந்த கட்டையைச் சாய்வு வெட்டில் பொருத்தி, பசையும் போல்ட்டும் கொடுத்து இறுக்கலாம். புதிய அடிக்கட்டையைத் தரைக்குள் மீண்டும் புதைக்கக் கூடாது. ஓர் அங்குலக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள்.

கதவுப் பலகையில் சிறு பள்ளம் மட்டும் என்றால், கெட்டதைச் சுரண்டி, காயவைத்து, மருந்து பூசி, எபாக்சி மக்கு வைத்து நிரப்பலாம். இற்ற மரத்தைச் சுரண்டாமல் மேலே மக்கு வைத்து எனாமல் அடிப்பது புழுத்த பருப்பின் மேல் நல்ல பருப்பைத் தூவுவதற்குச் சமம்.

மளிகைக் கடைக்குத் தனி எச்சரிக்கை

வீட்டுக்கு ஏற்ற மருந்து எல்லாம் மளிகைக் கடைக்கு ஏற்றதல்ல. நாம் விற்பது வயிற்றுக்குப் போகும் பொருள்.

வெண்காரமும் போரிக் அமிலமும் பார்வைக்கு உப்பு, சர்க்கரை, சோடா உப்பு போல் இருக்கும். உணவில் கலந்தால் நஞ்சு. இவற்றை ஒருபோதும் கடைக்குள் வைக்கக் கூடாது. அளந்த தராசுத் தட்டையும் கரைத்த வாளியையும் மறுபடி சரக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. சரக்கு நேராகப் படும் பலகையில் இந்தக் கரைசலைப் பூச வேண்டாம். அப்படிப்பட்ட பலகை கெட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

வண்டிகளின் கழிவு ஆயிலை மரத்துக்குப் பூசும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. கடைக்குள் அது வேண்டாம். தேயிலையும் மாவும் வாடையை உடனே இழுத்துக்கொள்ளும். திரும்பி வரும் சரக்குக்கு யார் பொறுப்பு? முந்திரிக் கொட்டை எண்ணெய் மரத்தைக் காக்கும் பழைய மருந்துதான். ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். வெளிப்புறக் கட்டைகளுக்கு மட்டும், கையுறையுடன் பயன்படுத்தலாம்.

தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த புகழ்பெற்ற மருந்து ஒன்று உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-இல் சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி கண்டுபிடித்தது அது. மின்கம்பங்களுக்கும் வேலிக் கம்பங்களுக்கும் உலகமெங்கும் பயன்பட்டது. அதில் ஆர்செனிக் நஞ்சு இருப்பதால் அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தப்பட்டது. அந்த மருந்து ஏற்றிய பழைய கம்பங்களை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிச் சரக்கு அடுக்கும் சட்டமாகப் போடக் கூடாது. அடுப்பில் எரிக்கவும் கூடாது.

கரையான் மருந்தை உரிமம் பெற்றவர்களைக் கொண்டே அடிக்க வேண்டும். அடிக்கும் முன் சரக்கு முழுவதும் வெளியேற வேண்டும்.

வருமுன் காத்தல்

1. அலமாரிக் கால்களுக்குக் கீழே கல், இரும்பு அல்லது பி.வி.சி. கட்டை வைத்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். தரை கழுவும் நீர் மரத்தைத் தொடாது.

2. அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காற்று நடமாடினால் ஈரம் தங்காது.

3. உப்பு மூட்டைகளைத் தனி மூலையில், பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். மர உத்திரத்துக்கு நேர் மேலே பரணில் உப்பு வேண்டாம்.

4. பலகைக் கதவின் காடியில் நீர் வெளியேற ஒரு துளை போடுங்கள். பலகைகளின் அடிமுனைக்கும் பெயிண்ட் அடியுங்கள். பக்கங்களுக்கு அடித்துவிட்டு வெட்டுமுனையை விட்டுவிடுவது வழக்கம். தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த முனை வழியாகத்தான்.

5. புதிதாக உத்திரம் வைக்கும்போது முனையைச் சுண்ணாம்பாலோ சிமெண்டாலோ முழுக்க அடைக்காமல், சுற்றிலும் சிறிது காற்று இடைவெளி விடச் சொல்லுங்கள்.

6. மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்ததா என்று பாருங்கள். மண்ணில் நட்டுச் சோதிக்கும் முறையில் 120 மாதங்களுக்கு மேல் தாங்கும் மரம் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் இரண்டாம் வகுப்பு. அதற்குக் குறைந்தது மூன்றாம் வகுப்பு. தேக்கின் வைரக்கட்டை முதல் வகுப்பு. மாமரம் மூன்றாம் வகுப்பு. தேக்கே ஆனாலும் அதன் வெளிறிய வெளிமரம் காளானுக்குத் தாங்காது. தேக்கு என்ற பெயருக்கு விலை கொடுத்து வெளிமரத்தை வாங்கி வராதீர்கள்.

7. பிளைவுட்டில் எம்.ஆர். என்று குறித்தது தண்ணீர் படாத இடத்துக்கு மட்டுமே. தொட்டியடிக்கும் குளியலறைக்கும் ஐ.எஸ். 710 முத்திரையிட்ட மெரைன் பிளைவுட் கேட்டு வாங்கி, அறுத்த விளிம்புகளை அடைத்துப் பூசுங்கள்.

வாடகைக் கடையில் இருப்போர் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள், வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் நீங்கலாக, உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. உத்திரம், கூரை போன்றவை இதில் அடங்கும். ஆனால் அளவுக்கு மீறிப் பரணில் மூட்டை ஏற்றியதோ, நாம் வைத்த தொட்டி கசிந்ததோ காரணமானால் பொறுப்பு நம் பக்கம் திரும்பும். ஆகவே ஈரக்கறை கண்டவுடன் தேதியிட்டுப் புகைப்படம் எடுத்து, உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

ஆண்டுக்கு இரண்டு நாள்

இவ்வளவையும் நினைவில் வைப்பது கடினம் என்று தோன்றலாம். ஆனால் நம் ஆண்டிலேயே இதற்கான இரண்டு நாள்கள் உள்ளன.

ஆயுத பூஜைக்கு முன் கடையை ஒழித்து, அலமாரிகளை நகர்த்திச் சுத்தம் செய்கிறோம். அன்று கோணி ஊசியோடு ஒரு சுற்று வந்து, எல்லா இடங்களையும் குத்திப் பார்த்து, கெட்டவற்றைச் சரக்குப் பட்டியல் போல் எழுதிவையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓடு, தளம், குழாய் ஆகியவற்றை அடைத்துவிடுங்கள்.

பெயிண்ட் வேலையைத் தீபாவளிக்கு என்று வைத்துக்கொள்வது நம் வழக்கம். மரத்துக்கு அது ஏற்ற காலம் அல்ல. அப்போது காற்றில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். மழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் மரவேலையையும் பெயிண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கணக்கு எழுதும்போது கட்டடமும் புதுக்கணக்கில் சேரும்.

கசியும் குழாய்க்கு ஒரு வாஷர் போடுவது சில நிமிட வேலை. அதைத் தள்ளிப்போட்டால் நிலை போகும். நிலை போனபின்னும் தள்ளிப்போட்டால் உத்திரம் போகும். சொட்டுத் தண்ணீரையும் வட்டிபோல் ஏறும் கடனாகக் கருதி, சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடுமாறு வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.